எக்ஹார்ட்டின் பத்தொன்பது

அக்டோபர் முதல் சனிக்கிழமை டோர்பென் பிரேமனிலிருந்து வந்து இறங்கியபோதே கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அம்மா காபி போட்டு முடிப்பதற்குள் அதைப் பிரித்துச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவிட்டான். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைச் சதுரப் பெட்டி ஒன்று, தடித்த கட்டையான திருகுகள் மூன்று, பேட்டரிகள், படம் போட்ட காகிதம்.

"என்னடா, பொம்மைக் கடை வெக்கப்போறியா?" என்றாள் ரோஸ்விதா.

"தெர்மோஸ்டாட்மா. இந்தப் பெட்டி சுவர்ல இருக்கும். ரூம் எவ்வளவு சூடுன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். இந்தத் திருகு மூணும் மூணு ரேடியேட்டருக்கு. நடுவுல ஒயர் கிடையாது. பெட்டி சொல்றதைக் கேட்டு இதுங்களே திறந்துக்கும், இதுங்களே மூடிக்கும்."

"நாற்பத்தோரு வருஷமா இந்த வீட்ல யாரும் யார் சொன்னதையும் கேட்டதில்ல. இதுங்க மட்டும் கேக்குமாக்கும்."

டோர்பென் சிரிக்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டரைத் திறக்க அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிவதை நினைத்துத்தான் அவன் இதை வாங்கினான். போன குளிர்காலம்வரை அந்தக் குனியும் வேலையெல்லாம் அப்பாவுடையது. ஏப்ரலில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சீகன் மலைச்சரிவில் இருக்கும் அந்த வீட்டில் ரோஸ்விதா தனியாகப் பார்க்கப்போகும் முதல் குளிர்காலம் இது.

அப்பா எக்ஹார்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எடை அளவு சோதனை அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம். கசாப்புக் கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, மருந்துக் கடையின் சின்னத் தட்டு, எதுவானாலும் அவர் பார்த்து முத்திரை வைத்தால்தான் செல்லும். ஐந்து கிராம் தப்பினாலும் விடமாட்டார். மதுக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்தால்கூட பீர்க் கோப்பையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, கோடுவரைக்கும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அதற்குள் எதிரில் இருப்பவர் பாதிக் கோப்பையைக் காலி செய்திருப்பார். வீட்டில் பல்பு மாற்றினால் அதன் அடியில் பென்சிலால் தேதி எழுதுவார். ஜாம் புட்டியின் மூடியில் தேதி, டார்ச் பேட்டரியில் தேதி. பொய் அளவு என்பதை அவர் பொய்ச் சாட்சிக்கு அடுத்த பாவமாக வைத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குப் போட்ட சட்டம் பத்தொன்பது டிகிரி. அதற்குமேல் கால் டிகிரி ஏறக் கூடாது. கூடத்துச் சுவரில் ஓர் ஆணியில், மரப்பலகையில் கண்ணாடிக் குழாய் பதித்த பழைய தெர்மாமீட்டர் தொங்கும். தினமும் காலையில் அதன்முன் நின்று பார்ப்பார், மூன்று ரேடியேட்டருக்கும் போய்த் திருகுவார், திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். ரோஸ்விதாவோ குளிர் தாங்காதவள். கல்யாணமான புதிதில் அவர் வேலைக்குப் போனதும் திருகைக் கூட்டிவைப்பாள், வாசலில் சாவிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் குறைப்பாள். உள்ளே வந்த மனுஷன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேரே ரேடியேட்டரைத் தொட்டுப்பார்ப்பார். "ரோசி, இது என்ன ரொட்டி அடுப்பா?" என்பார். அன்று முழுக்கச் சண்டை நடக்கும்.

டோர்பென் பழைய திருகுகளை ஒவ்வொன்றாக முழுக்கத் திறந்து, கழுத்து வளையத்தைக் குறட்டால் தளர்த்திக் கழற்றினான். புதியவற்றை மாட்டி பேட்டரி போட்டதும் அவை ஒவ்வொன்றும் உள்ளுக்குள் முனகிக்கொண்டு ஏதோ அளந்து பார்த்தன. பிறகு சுவர்ப்பெட்டியின் பட்டனை அழுத்திப் பிடித்தான், ஓடிப்போய்த் திருகின் பட்டனை அழுத்தினான். ஆரஞ்சு விளக்கு சிமிட்டிச் சிமிட்டிப் பச்சையானது. மூன்றாவது, சோபாவுக்குப் பின்னால் இருப்பது, லேசில் மசியவில்லை. நான்காம் தடவைதான் பச்சை காட்டியது.

"அது உங்கப்பா கட்சி," என்றாள் ரோஸ்விதா.

பெட்டியை எங்கே மாட்டுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், உள்பக்கச் சுவர், வெயில் படக்கூடாது, ஜன்னல் காற்று படக்கூடாது, ரேடியேட்டர் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று காகிதத்தில் போட்டிருந்தது. டோர்பென் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் அவன் போய் நின்ற இடத்தில் எக்ஹார்ட்டின் தெர்மாமீட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. காகிதம் எதுவும் படிக்காமலே அந்த மனுஷன் சரியான இடத்தைப் பிடித்திருந்தார்.

"இதைக் கழட்டட்டுமாம்மா?"

ரோஸ்விதா அவனை விலக்கிவிட்டு முன்னே வந்தாள். தெர்மாமீட்டரைத் தானே ஆணியிலிருந்து எடுத்து, ஏப்ரனால் தூசி துடைத்து, மேசை நாப்கினில் சுற்றி அலமாரி இழுப்பறையில் வைத்தாள். குழாயின் அடியில் சிவப்பு அரக்கு பொட்டுப்போல ஒட்டியிருந்தது. எத்தனையோ சண்டைக்குப் பிறகு ஒருநாள் எக்ஹார்ட் வைத்த முத்திரை அது. "இனிமே நீ குழாயை நகர்த்தி என்னை ஏமாத்த முடியாது" என்றார் அப்போது. அந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று அவள் நொந்துகொண்டதுதான் மிச்சம்.

"இப்ப எத்தனை டிகிரி வெக்கணும், சொல்லு. இருபத்தொண்ணு வெக்கட்டுமா?"

"பத்தொன்பது."

"அம்மா, அப்பாதான் இல்லையே. இப்பவாவது நீ கொஞ்சம் கதகதப்பா இரேன்."

"அவர் இல்லன்னா அவர் சொன்னதும் இல்லன்னு ஆயிடுமா? நான் இருக்கிறவரைக்கும் இந்த வீட்ல பத்தொன்பதுதான். வை."

டோர்பென் வைத்தான். எண்கள் ஒளிர்ந்தன. தன் கைபேசியிலும் ஒரு செயலியைத் திறந்து காட்டினான். "பிரேமன்ல இருந்தே இங்க எத்தனைன்னு எனக்குத் தெரியும். குளிர்ல நீ விறைச்சுக் கிடந்தா கண்டுபிடிச்சிருவேன்." பிறகு கேக்கைத் தின்றுவிட்டுக் கிளம்பிப்போனான்.

நவம்பரில் குளிர் இறங்கியது. பெட்டி சொன்ன சொல் தவறவில்லை. எப்போது பார்த்தாலும் 19.0. காலையில் வழக்கம்போல் எல்லா ஜன்னலையும் ஐந்து நிமிஷம் விரியத் திறந்து வீட்டுக்குக் காற்று விட்டால், அது உடனே மோப்பம் பிடித்து ரேடியேட்டர்களை மூடிவிடும். ஜன்னலைச் சாத்தியதும் பழையபடி பத்தொன்பதுக்கே ஏற்றும். எக்ஹார்ட்டே வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டது மாதிரி இருந்தது. "நல்ல வாரிசு கிடைச்சிருக்கு உனக்கு" என்று அவர் போட்டோவிடம் சொன்னாள்.

ஆனால் ரோஸ்விதா நடுங்கினாள். முதலில் ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொன்று. கால்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு, சுடுதண்ணீர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தாள். விரல்கள் விறைத்துக் குறுக்கெழுத்துப் புதிரின் கட்டங்களில் எழுத்து கோணிக்கொண்டு போனது. எத்தனையோ வருஷம் இதே பத்தொன்பதில் ஒற்றை ஸ்வெட்டரோடு சுகமாக இருந்தவள்தானே. எக்ஹார்ட் ஜனவரியில்கூடச் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு, நெற்றியைத் துடைத்தபடி உட்கார்ந்திருப்பாரே. கொழுத்த ரத்தம் என்று அவள் கேலி செய்வாளே.

வீடு அதேதான், டிகிரியும் அதேதான், மனுஷன் ஒருவன் குறைந்துபோனான், அதனால்தான் இந்தக் குளிர் என்று முடிவு கட்டினாள். ஒரு மெத்தையில் பக்கத்தில் படுத்தவன் போனால் அந்தக் குளிரை எந்த ரேடியேட்டர் போக்கும்? இதை மகனிடம் சொன்னால், வீட்டை விற்றுவிட்டுப் பிரேமனுக்கு வா என்று ஆரம்பிப்பான். ஆகவே வாயைத் திறக்கவில்லை. எண்ணைக் கூட்டவும் இல்லை. அது ஒன்றுதான் அவர் சொல்லில் மிஞ்சியிருந்தது. அதைக் கூட்டினால் அவரை வீட்டை விட்டு அனுப்பினது போல் ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை முதல் பனி விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்களில் ஏற்றும் மெழுகுவத்திகளைத் தேடி இழுப்பறையைத் திறந்தவள் கையில் நாப்கின் மூட்டை தட்டுப்பட்டது. பிரித்துத் தெர்மாமீட்டரை மேசைமேல் வைத்தாள். மெழுகுவத்திகளை அவற்றின் வளையத்தில் நட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால், சிவப்புக் கோடு பதினாறரையில் நிற்கிறது. சுவர்ப்பெட்டியோ பத்தொன்பது என்கிறது.

ரோஸ்விதாவுக்கு ரத்தம் சூடேறியது. அந்தப் பெட்டி பொய் சொல்கிறது! இரண்டரை டிகிரி கொள்ளையடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் பாவம், எக்ஹார்ட் போனதால்தான் குளிர் என்று அவர்மேல் பழியைப் போட்டோமே என்று மனம் பொங்க, மகனுக்குப் போன் போட்டாள்.

"டோர்பென், உன் பொம்மை திருட்டுப் பொம்மைடா. பதினாறரையை வெச்சுக்கிட்டுப் பத்தொன்பதுன்னு காட்டுது. ஒரு மாசமா நான் குளிர்ல சாகறேன்."

"ஒரு மாசமாவா? ஏம்மா சொல்லல?" என்றான் அவன். பிறகு, "எதை வெச்சுப் பதினாறரைங்கிற?"

"உங்கப்பா தெர்மாமீட்டரை வெச்சு. முத்திரை போட்ட தெர்மாமீட்டர்."

"அம்மா, அது ஆதிகாலத்துச் சாமான். தப்பாக் காட்டலாம் இல்லையா?"

"உங்கப்பா வெச்சது தப்பாக் காட்டுமா? யார்கிட்ட பேசுறன்னு தெரிஞ்சு பேசு."

"சரி, கோவிச்சுக்காத. அப்பா எப்படிச் சோதிப்பாரு? அப்படியே சோதிச்சுப் பாரேன். பெட்டிதான் பொய்யின்னா நாளைக்கே வந்து கழட்டிட்டுப் போறேன்."

எக்ஹார்ட் எப்படிச் சோதிப்பார் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையனாக இருந்த டோர்பெனுக்கு அவர் செய்து காட்டியபோது இவளும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். பால்கனிக் கம்பியிலிருந்து புதுப்பனியை வழித்துப் பீர்க் கோப்பையில் நிரப்பினாள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினாள். உருகுகிற பனி பூஜ்யம், அதில் ஆண்டவனே வந்தாலும் பேரம் கிடையாது என்பார் எக்ஹார்ட். பலகையோடு அடிமுனையை அதற்குள் அமிழ்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாள்.

சிவப்புக் கோடு பூஜ்யத்துக்கு வந்தது. அங்கே நிற்காமல் கீழே இறங்கியது. பூஜ்யத்துக்குக் கீழே இரண்டரையில் போய் நின்றது.

அவள் நம்பவில்லை. இன்னும் பனி போட்டுக் கலக்கினாள். இரண்டரையிலேயே நின்றது. வெளியே எடுத்து ஈரம் துடைக்கையில்தான் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். அக்டோபரில் தூசி தட்டின அவசரத்தில் பார்க்காத பின்பக்கம். மூலையில் பென்சில் எழுத்து, சின்னச் சின்னதாக, எக்ஹார்ட்டின் கை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினாள்.

"14.1.1994. குழாய் கீழே நகர்த்தப்பட்டது. பிழை: இரண்டரை டிகிரி குறைவு. காரணம்: ரோசி."

கீழே சுருக்கக் கையெழுத்து, அலுவலகத்தில் போடுவது மாதிரியே.

தொண்ணூற்று நான்கு. நிமோனியா வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அவள் வீடு திரும்பிய ஜனவரி. காரை விட்டு இறங்கும்போதே கெஞ்சினாள், இருபத்தொன்று வை எக்ஹார்ட், இந்த ஒரு குளிர்காலம் மட்டும் என்று. "பத்தொன்பதுன்னா பத்தொன்பதுதான், உடம்பு பழகிக்கும்" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அவள் அழுதாள். ஆனால் ஒரு வாரத்தில் உண்மையாகவே உடம்பு பழகிவிட்டது! "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்றார் அவர். அதன்பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் அதையே சொன்னார். அவளும் தன் நாத்தனாரிடம், பத்தொன்பது டிகிரியில்தான் என் நெஞ்சு தேறியது, உன் வீட்டு வெந்நீர்க் குளியலறைச் சூடெல்லாம் உடம்புக்கு ஆகாது என்று பெருமையடித்திருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வியர்வையைத் துடைத்தபடி தலையாட்டியிருக்கிறார். கோடு பத்தொன்பது காட்டிய அத்தனை குளிர்காலமும் வீடு இருபத்தொன்றரையில் இருந்திருக்கிறது.

"அயோக்கியா," என்றாள் ரோஸ்விதா போட்டோவைப் பார்த்து. "ஊர்த் தராசையெல்லாம் பிடிச்ச அயோக்கியா. ஒரு வார்த்தை தோத்துட்டேன்னு சொன்னா கிரீடம் விழுந்திருமா உனக்கு?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நாப்கினால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். ஏப்ரலில் கல்லறையில்கூட அப்படி அழவில்லை.

பிறகு எழுந்து போய்ச் சுவர்ப்பெட்டியின் நடுவில் இருந்த வட்டக் குமிழைத் திருப்பினாள். அரை அரையாக ஏற்றி, இருபத்தொன்றரையில் விட்டாள். சோபாவுக்குப் பின்னால் திருகு முனகித் திறந்துகொண்டது. பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துத் தெர்மாமீட்டரை மாட்டினாள். அரக்கு முத்திரையை அவள் தொடவில்லை.

ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. "அம்மா, செயலியில இருபத்தொன்றரைன்னு காட்டுதே. சோதிச்சியா? அப்ப அப்பா தெர்மாமீட்டர்தானே தப்பு?"

ரோஸ்விதா சுவரைப் பார்த்தாள். சிவப்புக் கோடு மெல்ல ஏறி வந்து நின்றிருந்தது.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லடா. இங்க பத்தொன்பதுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினாள்.