எனக்கு முன்னே பார்த்தவர்

சிரிப்பு வரும் கட்டம் வருவதற்கு முன்பே என் கணவர் சிரித்துவிட்டார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

படத்தில் தபால்காரர் இன்னும் கதவைக்கூடத் தட்டவில்லை. உள்ளே நாய் இருப்பது எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பி முறைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல. கடையில நடந்தது ஒண்ணு ஞாபகம் வந்துச்சு."

யாரிடம்! வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் நான். சும்மா நின்ற காரை மரம் வந்து இடித்துவிட்டதாகச் சத்தியம் செய்கிற ஆட்களைத் தினமும் சமாளிக்கிறேன். இவரோ மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் விஷயம்தான். கல்யாணமானதிலிருந்து, திரைப்பட விருது விழாவுக்கு முன்னால், போட்டியில் இருக்கும் பத்துப் படங்களையும் சேர்ந்து பார்த்து முடிப்போம். எது ஜெயிக்கும் என்று பந்தயம். தோற்றவர் ஒரு மாதம் பாத்திரம் தேய்க்க வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று: ஒருவரை விட்டுவிட்டு மற்றவர் பார்க்கக் கூடாது.

போன வருடம் ஒன்றையும் பார்க்கவில்லை. விழா நடந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஏழாம் மாதத்தில் எங்கள் மகள் உயிரில்லாமல் பிறந்தாள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வார்டுக்காரர்கள் எழுந்து வந்தார்களாம். இவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கையெழுத்துப் போட்டார், மருந்து வாங்கினார், அந்த வாரமே கடையைத் திறந்தார். "என்ன தைரியம்!" என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் இவருக்கும் பிள்ளைதானே? அதை நான் மன்னிக்கவே இல்லை.

இந்த வருடம் அவராகவே, "படம் பார்க்க ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். சரி, இனி எங்களுக்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்பினேன். அதனால்தான் அந்தச் சிரிப்பு அப்படிச் சுட்டது. யாருடன் பார்த்தார்?

அதற்குப் பிறகு நான் படத்தைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தேன். அடுத்த படத்தில் தாய் சாகப்போகும் காட்சிக்கு முன்பே கைக்குட்டையை என் பக்கம் நீட்டினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். இவர் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தார். கடையில் கூட்டம் என்று சொல்லி தினமும் தாமதமாக வந்தார். வரும்போதே சோப்பு வாசனை.

அக்காவுக்குப் போன் போட்டேன். என் அக்காவுக்கு அவல் கொடுத்தால் போதும், மெல்லத் தொடங்கிவிடுவாள்.

"வீட்டுக்கு வந்து கழுவ வேண்டிய மூஞ்சிய எதுக்குடி வெளியிலயே கழுவிட்டு வர்றாரு? எவளோ ஒருத்தி இருக்கா."

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் சும்மா இருக்கக் கூடாது."

மறுநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பினேன். கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. வியாபார நேரத்தில்! குனிந்து உள்ளே நுழைந்தேன். விளக்கு இல்லை. பின்னால், கண் பரிசோதிக்கும் இருட்டறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "என்னை விட்டுட்டுப் போயிடாத!"

அதைத் தொடர்ந்து இவர் அழும் சத்தம். பிரியப்போகிறார்கள் போலிருக்கிறது. அடப்பாவி, பெற்ற பிள்ளைக்கு வராத கண்ணீர் இவளுக்கு வருகிறதா? திரைச்சீலையை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

அறையில் வேறு யாரும் இல்லை. கண் பரிசோதனைக்கு வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் இவர். எதிரே மடிக்கணினி. அதில் அன்றிரவு நாங்கள் சேர்ந்து பார்க்க வேண்டிய படம். ஒரு பெண் காலித் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருந்தாள். இவர் முகமெல்லாம் நனைந்து, மூக்கு ஒழுகி, குழந்தை மாதிரி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சா?" என்றார். கேலி செய்யும்போது அப்படித்தான் கூப்பிடுவார். அப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"என்னங்க இது? நான் தாங்க மாட்டேன்னு முன்னாடியே பார்த்து வெக்கிறீங்களா?"

"உனக்காக இல்ல, எனக்காக. இங்க அழுது தீர்த்துட்டா வீட்ல உன் பக்கத்துல அழுகை வராது. அதான் எல்லாப் படத்தையும் ஒரு தடவை பார்த்துடறேன்."

"என் பக்கத்துல அழுதா குடி முழுகிடுமா? இந்த மனுஷனுக்கு நெஞ்சே இல்லன்னு ஒரு வருஷமா மனசுக்குள்ள உங்களத் திட்டிட்டிருக்கேன்!"

"நீதானே சொன்ன."

"நானா? என்ன சொன்னேன்?"

"பாப்பாவ எடுத்துட்டுப் போனதும் என் கையப் பிடிச்சுக்கிட்ட. 'நீங்க அழாதீங்க, நீங்களும் அழுதா நான் செத்துடுவேன்'னு சொன்ன."

எனக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. மருந்து மயக்கத்தில் எதையெதையோ உளறியிருப்பேன். அதை இந்த மனுஷன் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். ஊரில் இருக்கிறவனெல்லாம் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கிற எனக்கு, சொந்த வீட்டில் இது தெரியவில்லை. ஐயோ என்றிருந்தது.

அவர் எழுந்து கைகழுவும் தொட்டிப் பக்கம் போனார்.

"எங்க போறீங்க?"

"மூஞ்சி கழுவிட்டு வந்துடறேன், வீட்டுக்குப் போலாம்."

"ஒண்ணும் கழுவ வேணாம். உட்காருங்க."

உட்கார்ந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வயிற்றில் முகத்தைப் புதைத்து, உடம்பெல்லாம் குலுங்க அழுதார். வெகு நேரம் கழித்து, முகத்தை எடுக்காமலே, "அவளுக்கு உன் மூக்கு, தெரியுமா?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நர்ஸ் கேட்டபோது நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவர் பார்த்திருக்கிறார்.

மடிக்கணினியை மூடிவிட்டு அவர் தலையைத் தடவினேன்.

"சொல்லுங்க," என்றேன். "வேற எப்படி இருந்தா?"