லீமா டீச்சர் வீட்டு மூடுபனி

1983 மார்ச்சில் கொடைக்கானலின் மூடுபனி முழுவதும் நாயுடுபுரத்தில் ஒரே வீட்டுக்குள் போய்விட்டது. மிஷன் பள்ளியில் இயற்பியல் நடத்திய லீமாவின் வீடு அது. ஊர் திரும்பிய அமெரிக்க ஆசிரியர் ஒருவர் தம் கம்ப்யூட்டரை அவளிடம் விட்டுப் போயிருந்தார். அதை வைத்து அவள் பகா எண்களைத் தேடிக்கொண்டிருந்தாள். எண்கள் பெரிதாக ஆக மிஷின் திணறியது. உள்ளே கணக்குப் போடும் பிராசசர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதை ஒரு சின்னக் கிரிஸ்டலின் துடிப்புத்தான் முடிவு செய்கிறது என்று அவளுக்குத் தெரியும். மதுரை ரேடியோ கடை ஒன்றில் இரண்டு மடங்கு வேகத்தில் துடிக்கும் கிரிஸ்டலை வாங்கிவந்து, பழையதை எடுத்துவிட்டு இதைப் பற்றவைத்தாள். கணக்கு பாய்ந்து ஓடியது. பிராசசர் தோசைக்கல்லாகக் கொதித்தது. சூடு தணியட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள். ஏரிப் பக்கமிருந்து மூடுபனி உள்ளே வந்து பிராசசரின் மேல் உட்கார்ந்துகொண்டது. அவள் இன்னும் வேகமான கிரிஸ்டலை மாட்டும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் பனி வந்தது. வந்தது எதுவும் திரும்பிப் போகவில்லை.

சீசனுக்கு வந்தவர்கள் மலை விளிம்பில் நின்று பார்த்தபோது அடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் காயப்போட்ட வேட்டிவரை தெரிந்தது. ஏரியைச் சுற்றிய குதிரைகளுக்கு வியர்த்தது. மேல்மலையில் பூண்டு காயவைத்தவர்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். லீமாவின் கணவர் அடைக்கலராஜ் ஏரிக்கரையில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். அந்த சீசனில் ஒரு மப்ளர்கூட விற்கவில்லை. வீட்டிலோ நாற்காலி தெரியாமல் தரையில் உட்கார்ந்தார்; சோற்றுத்தட்டைத் தடவிக் கண்டுபிடித்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஒருநாள் பனிக்குள்ளிருந்து கேட்டார்:

“அந்த நம்பரக் கண்டுபுடிச்சு என்ன செய்யப் போறே?”

“ஒண்ணும் செய்யப் போறதில்லங்க. அது இருக்குன்னு தெரியணும்.”

மறுநாள் வெள்ளனே அவர் ஸ்வெட்டர்களை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாலசமுத்திரத்துக்கு இறங்கிவிட்டார். சித்திரை வெயிலில் அங்கே ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்தவர்கள் அவருக்காக வருத்தப்பட்டுவிட்டு நடந்தார்கள். நாச்சிமுத்து என்பவர் மட்டும் கன்றுக்குட்டிக்கென்று ஒன்று வாங்கினார். அந்த ஸ்வெட்டர் சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. கன்றுக்குப் பிடிக்கவில்லையாம்.

மிச்சச் சரக்கை எடுக்க அடைக்கலராஜ் மலையேறி வந்தபோது வீட்டுக்குள் தன் கையே அவருக்குத் தெரியவில்லை.

“லீமா, எங்க இருக்கே?”

“மிஷின் சத்தம் கேக்குற பக்கமா வாங்க.”

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். எதிரே பல் கிட்டிப்போன குரல் சொன்னது: “கழட்டிரலாம்னுதான் பாத்தேன். நீங்க போன அன்னைக்கே. கிரிஸ்டல் இருக்குற எடம் கண்ணுக்குத் தெரியலங்க.”

அவர் கைநீட்டித் தேடினார். முதலில் அகப்பட்டது அவளுடைய காது. அது ஐஸாக இருந்தது. காலில் இடறிய சரக்கு மூட்டையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை உருவி அவள் தலைவழியே மாட்டிவிட்டார். நம்பர் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். ஸ்வெட்டர் கையை அவள் விரல்வரை இழுத்துவிட்டார்.

“சரி, ஓடட்டும்.”

பனி பார்க்க வந்து ஏமாந்த ஜோடிகள் அடுத்த வாரமே விசாரித்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். உள்ளே குளிர் தாங்காது என்பதால் அடைக்கலராஜ் கடையை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். கூடத்தில் சிலர் கை மாறிப் பிடித்து வெளியே வந்து, வெயிலில் முகம் பார்த்தபின் மறுபடி உள்ளே போய் அவரவர் ஜோடியைத் தேடினார்கள். பெரிய சண்டை எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஆண்டுதோறும் லீமாவுக்குப் புதுப்புது பகா எண்கள் கிடைத்தன. அவற்றை இரவுச் சாப்பாட்டின்போது கணவருக்குச் சொல்வாள். அவர் நன்றாக இருக்கிறது என்பார்.

அதற்குள் அவளுக்குக் கைத்தடவலிலேயே கிரிஸ்டல் மாற்றப் பழகிவிட்டது. 1987இல் அவள் மாட்டிய கிரிஸ்டல் மூடுபனியோடு நிற்காமல் மேகங்களையும் இழுத்தது. வெள்ளகவியிலிருந்து வேலப்பன் ஒற்றையடிப் பாதையில் ஏறிவந்து, அவரைப் பயிருக்கு மழை இல்லை, தங்கள் ஊர் மேகம் ஒன்று இங்கே கிடக்கிறது என்று பொறுமையாகச் சொன்னார். எது என்று லீமா கேட்டாள். அடிவயிறு கறுத்தது என்றார். அடைக்கலராஜ் பின்ஜன்னலை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார். கறுத்த மேகம் பீரோவுக்குப் பின்னாலிருந்து கிளம்பி, ஜன்னலில் சற்றுத் திணறி வெளியேறி, வேலப்பனுக்குப் பின்னாலேயே பாதையில் இறங்கிப் போயிற்று.