காசு வெளியே இருக்கும்போது

1998 மார்ச் 14, சனிக்கிழமை காலை, பென்சில்வேனியா மாநிலம் லான்காஸ்டரில் நடந்த நாணயக் கண்காட்சியில், 1799ஆம் ஆண்டு வெள்ளி டாலர் ஒன்று தரம் குறிக்கப்படாமல் அதன் உரிமையாளரிடம் திரும்பி வந்தது. கூட வந்த சீட்டில் ஒரே வரி: மேற்பரப்பு துடைக்கப்பட்டுள்ளது.

உரிமையாளர் எல்வுட் க்ரோஃப். கிங் தெருவில் நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். கோடையிலும் பட்டு டை கட்டுவார். எங்கள் நாணயச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் பாடம் எடுப்பவரும் அவர்தான். முதல் பாடம், காசை எதைக் கொண்டும் துடைக்காதே. இரண்டாவது பாடம், காசு உறைக்கு வெளியே இருக்கும்போது அதன் மேல் குனிந்து பேசாதே. பேசும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் எச்சில் தெறிக்கும். சில மாதங்களில் அந்த இடத்தில் கரும்புள்ளி விழும். வெள்ளிக்குள் இறங்கிய புள்ளியை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது.

அவர் குற்றம் சாட்டியது வெர்னா எஷ்பாக்கை. கூடத்தில் மேசை போட்டிருந்த இரண்டு பெண் வியாபாரிகளில் ஒருவர். கடை கிடையாது, ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போய்ப் பிழைப்பவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்வுட் தன் டாலரை வெர்னாவின் மேசைக்குக் கொண்டுவந்தார். வெர்னா பார்த்துவிட்டு, தரம் எழுபதுக்கு ஐம்பத்து மூன்று என்றார். அந்த வருடம் முதல்முறையாகத் தரம் பார்க்கும் நிறுவனம் ஒன்று எங்கள் கண்காட்சிக்கு மூன்று பேரை அனுப்பியிருந்தது. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. காசு யாருடையது என்பது மூவருக்குமே தெரியாது. எல்வுட்டின் டாலரை அவர்களிடம் சேர்ப்பித்தது வெர்னா. மூவரும் தனித்தனியாக எழுதியது ஒரே சொல்: துடைத்தது.

புகார் எழுத்தில் வந்துவிட்டதால் சங்கத்தின் விசாரணைக் குழு கூட வேண்டியிருந்தது. தலைவர் ரே ட்ரௌட்மன், டிராக்டர் உதிரிபாகம் விற்பவர். அடுத்தவர் டூயி கௌஃப்மன். தரம் பார்க்கும் வேலையில் பதினொரு வருடம் இருந்து, கண் களைத்து ஊர் திரும்பியவர். மூன்றாவது ஆள் நான். விதி எளிது. வாடிக்கையாளரின் காசை வியாபாரி துடைத்ததாகக் குழு முடிவு செய்தால், அன்றே எல்லோர் கண் முன்னாலும் அவருடைய மேசை எடுக்கப்படும். மற்ற கண்காட்சிகளுக்குக் கடிதம் போகும். அதற்குப் பிறகு யாரும் வெர்னாவின் கையில் ஒரு காசைக் கொடுக்க மாட்டார்கள்.

கூடம் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தமானது. பின்னால் பூட்சுகளும் தலைக்கவசங்களும் மாட்டியிருந்த அறையில் உட்கார்ந்தோம். சமையலறையிலிருந்து கோழிச் சோள சூப்பின் வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. மேசையில் கறுப்பு வெல்வெட் விரிப்பு, அதன் மேல் வளையும் கழுத்துள்ள விளக்கு. டாலர் பிளாஸ்டிக் உறையில் இருந்தது.

"காசு உறைக்குள்ள இருக்கிறப்போதான் பேச்சு," என்றார் ரே. "வெளிய எடுத்தா வாய மூடணும். எல்வுட், உனக்கும் சேத்துத்தான்."

"எனக்கே பாடமா? நடத்துப்பா, நடத்து," என்றார் எல்வுட். கைலென்ஸைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, டையின் நுனியால் துடைத்துவிட்டு மேசையில் வைத்தார்.

"வெர்னா, நீ சொல்லு."

வெர்னா கைகளை மடியில் வைத்திருந்தார். "விளக்குல நல்லாப் பாத்தேன். நெத்திக்கு மேல முடியில லேசாத் தேய்மானம். தோள்ல கொஞ்சம். நட்சத்திரத்தச் சுத்தி அச்சடிச்சப்போ இருந்த பளபளப்பு அப்படியே இருந்துச்சு. சாய்ச்சா ஒளி சக்கரமாச் சுத்துச்சு. அம்பத்து மூணுன்னு சொன்னேன். இப்பவும் அதான் சொல்வேன்."

"துடைச்ச கோடு?"

"ஒண்ணுகூட இல்ல."

"கேட்டுக்குங்க!" என்றார் எல்வுட். "அவளே சொல்றா. அப்ப கோடு எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"இருய்யா," என்றார் ரே. "வெர்னா, பாத்ததுக்கு அப்புறம் என்ன செஞ்சே?"

"வெல்வெட்டு மேல வெச்சேன். பின்னாடி பெட்டியில புது உறை இருந்துச்சு, எடுக்கத் திரும்பினேன். எடுத்து, காச உறையில போட்டேன். அவ்வளவுதான்."

"உறையில போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்தியா?"

"இல்ல," என்றார் வெர்னா.

டூயி கூரையைப் பார்த்தார். காசு கை மாறும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் என்பது வியாபாரிகளின் பாலபாடம். அந்த ஒரு பார்வை இருந்திருந்தால் கோடு வந்த நேரம் தெரிந்திருக்கும்.

ரே காசை உறையிலிருந்து எடுத்து முதலில் பார்த்தார். பிறகு நான். எனக்குத் தெரிந்தது சாம்பல் நிற டாலர், ஒரு பக்கம் சுதந்திர தேவி, மறுபக்கம் விரிந்த கழுகு. டூயி கடைசியாக எடுத்தார். விளிம்பில் இரண்டு விரல், வேறெங்கும் படவில்லை. விளக்கின் கீழே மெல்லச் சாய்த்து, திருப்பி, மறுபடி சாய்த்தார். பேசக் கூடாது என்பதால் அறையில் விளக்கின் ரீங்காரம் மட்டும் கேட்டது. எல்வுட்டின் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. வெர்னா டூயியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டூயி காசை உறையில் போட்டார். மூச்சை விட்டார்.

"கழுகு நெஞ்சுல குறுக்கால ஆழமாக் கோடு இருக்கே?" என்றார் ரே.

"நீ போய் டிராக்டர் நட்டு வித்துக்கிட்டு இரு, ரே. அது பொறந்தப்பவே உள்ளது. எடை கூடிப்போச்சுன்னு நாணயச்சாலையிலயே அரத்தால ராவி, அப்புறம் அச்சடிச்சிருக்காங்க. அந்தக் காலத்து டாலர்ல பாதிக்கு அது உண்டு. அத யாரும் குத்தமா எழுத மாட்டாங்க." டூயி உறையின் மேல் ஒரு விரலை வைத்தார். "குத்தம் முகத்துப் பக்கம். உதட்டுக்கு முன்னால வெறும் இடத்துல, மெல்லிசாப் பத்துப் பன்னெண்டு கோடு. எல்லாம் ஒரே சாய்வு. ஒரே இழுப்புல வந்தது."

"பழசா இருக்கலாம் இல்லையா?" என்றார் வெர்னா. "நான் கவனிக்காம விட்டிருக்கலாம்."

அவர் தன் கண்ணையே பலி கொடுக்கத் தயாராக இருந்தார். கவனக்குறைவுக்கு மேசை போகாது. வெள்ளி வருடக் கணக்கில் காற்றுபட்டு மேலே ஒரு சாம்பல் படலம் போர்த்திக்கொள்ளும். கோடு படலத்துக்கு அடியில் இருந்தால், துடைத்தது எந்தத் தலைமுறையோ. படலத்தை வெட்டிக்கொண்டு போனால், துடைத்தது இப்போது.

"இல்லம்மா," என்றார் டூயி. "படலத்த வெட்டிட்டுப் போகுது. அடியில வெள்ளை தெரியுது. நேத்துக் கோடு அது."

எல்வுட் நாற்காலியில் சாய்ந்தார். "நாப்பது வருஷம் என் பீரோவுல தூங்குச்சு அந்தக் காசு. ஒரு தூசி பட்டதில்ல. இவ மேசையில ஒரு மத்தியானம் இருந்துச்சு."

"உன் மேசையில ஒரு நீலத் துணி பாத்தேன்," என்றார் ரே, வெர்னாவைப் பார்க்காமல்.

"காட்சிப்பெட்டிக் கண்ணாடி துடைக்கிற துணி."

"கொண்டு வா."

வெர்னா போய்க் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான்காக மடித்த துணி, ஓரத்தில் விரல் அழுக்கு. டூயி தொடவேயில்லை. "துணியப் பாத்து என்ன சொல்றது? எல்லாத் துணியும்தான் கோடு போடும்."

"துணி இருக்கு. காசு இருந்துச்சு. கையும் இருந்துச்சு," என்றார் எல்வுட். "வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"நான் துடைக்கல, எல்வுட்."

"அப்ப நான் துடைச்சேனா? ஊருக்கெல்லாம் துடைக்காதேன்னு சொல்லிக் கொடுக்கிறவன், சொந்தக் காசத் துடைச்சுட்டு உன் மேல பழி போடறேனா?"

"நான் அப்படிச் சொல்லல. நான்... துடைச்சதா எனக்கு ஞாபகம் இல்ல."

ரே நிமிர்ந்தார். "துடைக்கலையா? இல்ல, ஞாபகம் இல்லையா? ரெண்டும் வேற வேற, வெர்னா."

வெர்னா நீலத் துணியைப் பார்த்தார். "காலையிலேர்ந்து எத்தனையோ காசு எடுத்தேன், வெச்சேன். நடுவுல கண்ணாடியத் துடைச்சிக்கிட்டே இருந்தேன். கை பாட்டுக்குப் போகும்." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "என் கை அதச் செய்யாதுன்னுதான் நினைக்கிறேன்."

கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். கண்காட்சியின் சத்தம் வழக்கம்போல இருந்தது. நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ரேயும் செய்துவிட்டார் என்பது அவர் பேனா மூடியைக் கழற்றியதில் தெரிந்தது.

"முடிவு எழுதறதுக்கு முன்னாடி," என்றார் டூயி, "கோடு எந்த இடம்னு உரிமையாளரும் ஒரு தடவ பாத்து ஒத்துக்கணும். அதான் முறை."

"சந்தோஷமா," என்றார் எல்வுட். லென்ஸை எடுத்தார். டையின் நுனியால் துடைத்தார். லென்ஸோடு டையின் நுனியும் இடது கையிலேயே இருக்க, வலது கையால் காசை உறையிலிருந்து எடுத்து, விளக்குக்குக் கீழே சாய்த்தார். முறையான பிடி; எங்களுக்கெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்த பிடி. கோட்டைக் கண்டுபிடித்தார். அவருடைய காது சிவந்தது.

அப்போது அவர் வாயைத் திறந்தார்.

"இதப் பாருங்க, இந்தப் பாழாப்போன—"

விளக்கு நேர் மேலே இருந்ததால் நான்கு பேருமே பார்த்தோம். வெள்ளியின் மேல், உதட்டுக்குச் சற்றுக் கீழே, கடுகைவிடச் சின்னதாக ஈரமாக ஏதோ பளிச்சிட்டது. எல்வுட்டின் இடது கை இறங்கியது. பட்டு நுனி காசின் மேல் மேலிருந்து கீழாகச் சாய்ந்து ஒரே ஒரு முறை போனது. அவசரமே இல்லை. கிங் தெருவில் வாடிக்கையாளரின் கண்ணாடியை மாட்டிவிடும் முன் கடைசியாகத் துடைக்கும் அதே துடைப்பு. கை டையை விட்டது.

"—கோட்டுல வந்து ஒளிச்சக்கரம் அப்படியே நின்னு போச்சு பாருங்க," என்று வாக்கியத்தை முடித்தார்.

ரே பேனாவின் மூடியைத் திரும்பப் போட்டார்.

"என்ன? ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க? நான் சொல்றது தப்பா?" என்றார் எல்வுட்.

டூயி கையை உயர்த்தினார், தெருவில் வண்டியை நிறுத்துவது போல. "எல்வுட். பேசாதீங்க. காச வெல்வெட்டுல வையுங்க. உங்க டை இப்ப எங்க இருந்துச்சுன்னு யோசிங்க."

எல்வுட் காசையும் லென்ஸையும் வைத்தார். டையைப் பார்த்தார். பிறகு தன் இடது கையை, வேறொருவருடையதைப் பார்ப்பது போல உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

டூயி காசை எடுத்து விளக்கில் சாய்த்தார். இந்த முறை நேரம் ஆகவில்லை. உறையில் போட்ட பிறகுதான் பேசினார். "புதுசா இன்னொரு கத்தைக் கோடு. பழைய கத்தைக்குக் கொஞ்சம் கீழ. அதே சாய்வு. வலது மேல ஆரம்பிச்சு இடது கீழ முடியுது."

"நேத்து நீ திரும்பினப்போ," என்றார் எல்வுட். வெர்னாவிடம்தான் பேசினார், ஆனால் காசைப் பார்த்துப் பேசினார். "பக்கத்து மேசை ஹார்லனக் கூப்பிட்டு நட்சத்திரத்தக் காட்டினேன். கையில எடுத்துக் காட்டினேன். பேசிக்கிட்டேதான் காட்டியிருப்பேன்." நிறுத்தினார். "எனக்குத் தெரியல, வெர்னா. சத்தியமாத் தெரியல. இப்பச் செஞ்சதும் தெரியல."

"எனக்கும்தான் என் கை தெரியல," என்றார் வெர்னா. நீலத் துணியை எடுத்துப் பைக்குள் வைத்தார். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா, நான்தான் துடைச்சேன்னு நானே எழுதிக் கொடுத்திருப்பேன்."

ரே ஆளனுப்பி ஹார்லனைக் கூப்பிட்டார். ஹார்லன் பிரெட்ஸல் முறுக்கை மென்றுகொண்டே வந்தார். ஆமாம், எல்வுட் காட்டினார், நட்சத்திரம் அழகாக இருந்தது என்றார். துடைத்தாரா என்று கேட்டதற்கு, "அவர் எப்பவும் எதையாவது துடைச்சுக்கிட்டுத்தானே இருப்பார்? நான் கவனிக்கல. ஏன், என்ன ஆச்சு?" என்றார். ரே அவரை மேசைக்குத் திருப்பி அனுப்பினார்.

எல்வுட் டையை அவிழ்த்துக் கோட்டுப்பையில் திணித்தார். புகார்த் தாளை ரேயின் கையிலிருந்து வாங்கி, திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெர்னாவிடம், "போம்மா, உன் மேசையில ஆள் நிப்பாங்க," என்றார். மன்னிப்பு என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. திங்கட்கிழமை அவர் வெர்னாவின் வீட்டுக்குப் போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

குழு இரண்டு முடிவுகளைப் பதிவு செய்தது. ஒன்று, வியாபாரி மேல் குற்றம் இல்லை. இரண்டு, உறையில் போடும் முன் மறுபடி பார்க்கத் தவறியதற்காக அவருக்கு எச்சரிக்கை. வெர்னா இரண்டிலும் கையெழுத்திட்டுவிட்டு மேசைக்குப் போனார். ஞாயிறு மாலை கண்காட்சி முடியும்வரை அங்கே இருந்தார்.

இலையுதிர் காலத்துப் பாடத்தை அந்த வருடம் டூயி எடுத்தார். டாலர் நவம்பரில் ஏலத்துக்குப் போனது. பட்டியலில் அதற்குத் தரம் போடவில்லை. துடைத்தது என்று மட்டும் இருந்தது. நல்ல நிலையில் போயிருக்க வேண்டிய விலையில் பாதிக்குக் கீழே, ஒஹையோக்காரர் ஒருவர் எடுத்தார்.