துருஸ் பஸ்

"துருஸ்னா தொடர்ந்து வரும்னுதான அர்த்தம்? நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"துருஸ்ஸாத்தான் போச்சு தலைவரே, நிக்காம போச்சு! நீங்களும் வாயத் தொறந்து பாத்துக்கிட்டுதான நின்னீங்க?"

காலை ஆறேகாலுக்கு, ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து முச்சந்தியில், கோயில் தலைவர் நாராயணசாமியை லெட்சுமி வழிமறித்திருந்தாள். சபாக்கிலிருந்து கிளம்பி, கோலா சிலாங்கூரில் நின்று ஏர்போர்ட்டுக்குப் போகும் பஸ் அப்போதுதான் அவர்களைக் கடந்து போயிருந்தது. நீட்டிய கைகள் ஏழு. பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. திங்கள், செவ்வாய், இன்று புதன் என்று மூன்று நாளாக இதே கதைதான்.

இது எண்பத்தாறில் நடந்தது. தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டதில் பால்வெட்டுப் பெண்கள் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் ஏழு பேர் கோலா சிலாங்கூர் ஆற்றங்கரையில் இறால் உரிக்கும் கொட்டகையில் சேர்ந்தார்கள். ஏழு மணிக்குப் பலகை முன்னால் இருக்கவேண்டும். தொடர்ந்து நாலு நாள் வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு என்பது கொட்டகையின் சீன முதலாளி, தவுக்கே, போட்ட சட்டம். லெட்சுமியின் புருஷன் இருசப்பன் லோரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த பிறகு, அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த இறாலில்தான்.

"நாளைக்குப் போகலேன்னா என் எடம் போச்சு. நீங்க வந்து உரிப்பீங்களா இறாலு?"

நாராயணசாமி வேட்டியை இழுத்துக் கட்டினார். அவருக்கு மலாய் படிக்கத் தெரியும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பரப்பியவர் அவரே. போன மாதம் பஸ் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் மலாயில் அச்சடித்த ஒரு தாளோடு வந்தபோது, கோயில் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊரே கேட்க வாசித்தவரும் அவர்தான். "தெருஸ்னு போட்டிருக்கான். நம்ம துருஸ்தான். இப்ப ஓடுற மாதிரியே பஸ்ஸு தொடர்ந்து ஓடும், அதுக்கு மேல ஏர்போர்ட்டு வரைக்கும் போவும்!" ஜனங்கள் கை தட்டினார்கள். சம்மதம் என்று நாற்பத்து மூன்று பேர் கட்டைவிரலை மையில் அழுத்தினார்கள். வந்தவர்களுக்குக் காப்பியும் வடையும் கோயில் செலவில்.

"மாமா, தெருஸ்னா தொடர்ந்துன்னும் சொல்லலாம், நேரான்னும் சொல்லலாம்," என்றாள் லெட்சுமியின் மகள் நவமணி. மலாய் உயர்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். "பஸ்ஸுக்குப் போட்டா வழியில நிக்காம நேரான்னு அர்த்தம். என்கிட்ட ஒரு தடவ காட்டியிருக்கலாம்ல?"

"பெரியவங்க பேசுற எடத்துல உனக்கென்ன..."

"அவ பேசட்டும்லா! நீங்க பேசித்தான் இந்த லட்சணம்," என்றாள் லெட்சுமி. "அந்தத் தாளு இருக்கா, அதயும் போண்டா மடிச்சிட்டீங்களா?"

தாள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. நவமணி அதைக் கடைசி வரி வரை வாசித்தாள். ஏர்போர்ட்டுக்குப் போகும் பயணி பெட்டியோடு சாலையோரம் நின்று கை காட்டினால் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

லெட்சுமி மகளைப் பார்த்தாள். "பெட்டின்னா எந்தப் பெட்டியும்தானே?"

அன்று சாயங்காலம் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பெட்டி வேட்டை. சின்னத்தாய் தன் கல்யாணத்துக்கு வந்த தகரப் பெட்டியை இறக்கினாள். தங்கமணியின் பெட்டிக்குப் பூட்டு இல்லை, கயிறு போட்டுக் கட்டினார்கள். நாராயணசாமி பழனிக்கு எடுத்துப் போன பழுப்புத் தோல்பெட்டியை அவர் பெண்சாதியே பின்கதவு வழியாகக் கொடுத்து அனுப்பினாள். அவரைக் கேட்டாளா என்று யாரும் விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, முச்சந்தியில் ஏழு பெண்கள், ஏழு பெட்டிகள். பஸ் முனகிக்கொண்டு நின்றது.

கண்டக்டர் செல்லன் பக்கத்துத் தோட்டத்துக்காரன்தான். படியில் நின்று ஏழு பேரையும் பார்த்தான். வழியனுப்ப வந்த நவமணியைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான் என்பார்கள்.

"எங்க அக்கா, ஏர்போர்ட்டா?"

"பின்ன? கோலா சிலாங்கூர்ல ஒரு சின்ன வேலை இருக்கு. முடிச்சிட்டுப் போறோம்."

"என்னப்பா இது, சந்தை வண்டியா?" உள்ளேயிருந்து ஒரு குரல் எழுந்தது. வெள்ளைத் தொப்பி, மடியில் பெரிய பை. கடற்கரையோரமாய் வடக்கே ஒரு சிற்றூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லா. "பத்து மணிக்கு எனக்கு மெட்ராஸ் பிளேன். இவங்க பெட்டில என்ன இருக்குன்னு தொறந்து பாருப்பா!"

லெட்சுமியே திறந்தாள். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், ஒரு சின்னக் கத்தி, சோற்றுத் தூக்கு. இறால் வாடை பஸ் முழுக்கப் பரவியது. பின்னிருக்கையில் யாரோ சிரித்தார்கள்.

"பாத்தாச்சா பாய்? எங்க பஸ்ஸப் புடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் நகந்து உக்காருங்க."

"நான் புடுங்கினேனா?" அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "ஏம்மா, போன வருஷம் வரைக்கும் எங்க ஊர்லயே சின்ன பிளேன் ஒண்ணு எறங்கும். வீட்டுல பசியாறிட்டுப் போயி ஏறுவேன். கோலாலம்பூர்ல சுபாங் ஏர்போர்ட்டு பெருசாச்சு, பெரிய பிளேன்லாம் அங்கதான் வருது, இந்தச் சின்னதுக்கு ஆள் பத்தலேன்னு நிப்பாட்டிட்டான். இப்ப சுபுஹு தொழுகைக்கு முன்னாடியே எந்திரிச்சு, சபாக் வந்து, இந்த பஸ்ஸப் புடிக்கிறேன். என் பிளேன் போனதாலதான் உன் பஸ்ஸு போச்சு. எனக்கு என்ன கொண்டாட்டமா?"

லெட்சுமி பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்களும் கத்துங்க பாய். நான் மட்டும் எம்புட்டுக் கத்துறது?"

கிஃபாயத்துல்லா செல்லன் பக்கம் திரும்பினார். "டிக்கெட்டைக் கிழிப்பா. பெட்டி இருக்கு, கை காட்டுச்சு. அப்புறம் என்ன?"

ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது லெட்சுமி பலகை முன்னால் நின்றாள். தவுக்கே பெட்டியைப் பார்த்து, இந்தியாவுக்கா என்று கேட்டான்.

இரண்டு வாரம் பெட்டிகள் தினமும் பயணம் போயின. மூன்றாவது வாரம் கம்பெனி முழித்துக்கொண்டது. செல்லனுக்கு வேலை போயிற்று. பெட்டி இருந்தாலும் வழியில் நிற்கக்கூடாது என்று புது உத்தரவு. தோட்டத்திலிருந்து அதே நாற்பத்து மூன்று கைரேகையோடு ஒரு மனு போனது. இரண்டு நாள் பார்த்தார்கள், பதில் இல்லை. மறுநாள் ஏழு பெண்களும் பெட்டிகளை நடுரோட்டில் வரிசையாக வைத்து, மேலே உட்கார்ந்தார்கள். டிரைவர் ஹாரனை அடித்துப் பார்த்தான். சின்னத்தாய் வெற்றிலையை எடுத்து மடித்தாள். முக்கால் மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்துதான் எழுப்பியது. அதற்குள் மூன்று பேருக்கு பிளேன் போய்விட்டது. அவர்களில் ஒருவர் தோட்ட மானேஜரின் மச்சான்.

மானேஜர் ஒரு கடிதம் எழுதினார். ஒரே கடிதம்தான். அடுத்த வாரமே ஒன்பதாங்கட்டையில் பஸ் நிற்கும் என்று பலகை நட்டார்கள். நட்டது முச்சந்தியில் அல்ல, லயத்திலிருந்து அரை மைல் தள்ளி, மானேஜர் பங்களா கேட்டுக்கு எதிரில்.

லெட்சுமி அதற்கெல்லாம் அசரவில்லை. அரை மைல் நடந்து, பங்களா வேலியோரம் ஆறு பேரோடு நின்று, முதல் ஆளாக ஏறினாள். பஸ் நிற்காத நாட்களில் கடன் வாங்கி, நாலு நாள் சேர்ந்தாற்போல் தவறாமல் வாடகைக் காரில் போய்வந்ததால், கொட்டகையில் அவள் இடம் அவளுக்கே இருந்தது.

நாராயணசாமி இன்னும் தலைவர்தான். ஆனால் தாள் வந்தால் சத்தமாக வாசிப்பதில்லை. கிஃபாயத்துல்லா ஊரில் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு கோலாலம்பூருக்கே போய்விட்டதாகக் கேள்வி. சுபாங்கில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போன செல்லன், அடுத்த தையில் நவமணியைக் கட்டிக்கொண்டான். ஏர்போர்ட்டுக்குப் பின்னால் பலகை வீடு. பிளேன் இறங்கும்போது தகரக் கூரை அதிர்கிறதாம். இருவரும் இன்னும் ஒன்றில்கூட ஏறியதில்லை. அம்மாவைப் பார்க்க வரும்போதெல்லாம் நவமணி பங்களா எதிரில்தான் இறங்குகிறாள். அதே தோட்டத்தில் பிறந்தவள் என்று அந்த பங்களா நாய்க்கு யாரும் சொல்லவில்லை. அவள் சாலைத் திருப்பத்தில் மறையும் வரை, வேலியோரமாகவே கூட ஓடிவந்து குரைக்கிறது.