இயக்குநரின் காலடியில் ஒரு கண்ணாடி இழை

வானத்தைப் பார்ப்பது தொலைநோக்கியின் வேலை. பார்த்ததையெல்லாம் கடல் கடந்து அனுப்புவது இவர் வேலை. தரவு ஓடும் குழாயைக் கவனிப்பதால் அலுவலகத்தில் இவரைக் ‘குழாய்க்காரர்’ என்பார்கள். அந்த முனையில் உட்கார்ந்து வாங்கிக்கொள்பவர் இவருடைய மனைவி. கடைசித் தொகுப்பு மாலைக்குள் முழுசாக வந்துவிட்டால் அங்கே அவருக்கு வேலை முடிந்தது, இரவே விமானம். வராவிட்டால் அடுத்த டிக்கெட் எப்போதென்று யாருக்கும் தெரியாது. காலையில் மகள் கேட்டிருந்தாள்: “அப்பா, அம்மா எத்தனை பர்சென்ட் வந்துட்டாங்க?”

இன்று பார்த்து விழா. தரவு அனுப்பும் புதிய முறையை இயக்குநர் பொத்தானை அழுத்தித் தொடங்கிவைக்கிறார். அதுவரை பழைய முறைதான் ஓட வேண்டுமாம்; புதியது முன்பே ஓடிவிட்டால் பொத்தானுக்கு என்ன மரியாதை? பழைய முறைக்கு இங்கே ‘மாப்பிள்ளை’ என்று பெயர். வழியில் ஒரு தரவுத் துண்டு தொலைந்தால் போதும், பாதையில் நெரிசல் என்று தானே முடிவுகட்டி, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வேகத்தைப் பாதியாக்கிவிடும். கோபம் தணிந்து பழைய வேகத்துக்கு வருவதற்குள் விடிந்துவிடும்.

போன் அடித்தது. “என்னங்க, உங்க மாப்பிள்ளை மறுபடி கோச்சுக்கிட்டார்.”

“இப்பவா?”

“இப்பத்தான். அங்க யாரு அப்படிக் கத்துறது?”

மேடையின் முன்பக்கம் வந்து, “தடை என்ற சொல்லே நமக்குத் தெரியாது!” என்று இயக்குநர் முழங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நகர்ந்தார்; கணினித் திரையில் வேகக் கோடு மெல்ல ஏறியது. முன்னால் வந்தார், சரிந்தது. குழாய்க்காரருக்குப் புரிந்துவிட்டது. கம்பளத்துக்கு அடியில் ஓடும் கண்ணாடி இழைக் கேபிளின் மேல் மேடைக்கால் நிற்கிறது. இயக்குநர் உணர்ச்சிவசப்படும்போதெல்லாம் இழை வளைந்து வெளிச்சம் கசிகிறது. மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

“இறங்கச் சொல்லுங்களேன்.”

“மைக்கைப் பிடிச்சா விடுற ஆளா அவரு?”

“அப்ப டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா?”

மேலதிகாரி முன்னால் இருமக்கூடப் பயப்படும் மனிதர், போனும் காதுமாக மேடைத் துணியை விலக்கி உள்ளே தவழ்ந்தார். பலகைக்கு முதுகைக் கொடுத்து, மூச்சைப் பிடித்து நெம்பினார். நிறுவனத்தின் மொத்த கௌரவமும் ஒரு விரற்கடை உயர்ந்தது. மேலே, “நம்மை யாராலும் அசைக்க...” என்ற வாக்கியம் பாதியில் நின்றது. அந்த இடைவெளியில் கேபிளை மேடைக்காலுக்கு அடியிலிருந்து நகர்த்திவிட்டார்.

“ஏறுது... ஏறுதுங்க! என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமில்ல. இயக்குநரைக் கொஞ்சம் தூக்கி வெச்சேன்.”

“அய்யோ, முதுகு! வந்து தேய்ச்சு விடறேன். அதுவரைக்கும் எதையும் தூக்காதீங்க.”

ஒருவழியாக இயக்குநர் பொத்தானை அழுத்தியபோது அனுப்புவதற்கு எதுவும் மிச்சமில்லை. பலத்த கைதட்டல். அந்தப் பக்கம் மனைவி சரிபார்த்து முடித்திருந்தார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

குழாய்க்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போன் செய்தார். “நூறு பர்சென்ட், கண்ணு.”

மகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். “காணோமே?”

“அம்மா மட்டும் பழைய முறையிலதான் வரணும்டா. விடிஞ்சா வந்துடுவா.”