இரண்டாம் நாள் நிறம்

வீட்டில் அவளுக்கு ஆமை என்று பெயர். வைத்தவள் நாத்தனார். ஒரு வெங்காயத்தை அவள் உரித்து முடிப்பதற்குள் ஊரே சாப்பிட்டுக் கை கழுவிவிடுமாம். அந்தப் பெயர் மெல்ல நடந்து, அவள் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வகத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

அந்த நாத்தனாரின் லாயத்தில்தான் இரண்டு மாதக் குதிரைக்குட்டி ஒன்று மூச்சிரைத்துக் கிடந்தது. ஊசி மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. குழாய் விட்டு எடுத்த நெஞ்சுச் சளியை நாத்தனாரே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள்.

"இதுவும் போச்சுன்னா லாயத்தையே இழுத்து மூடிடுவேன். என்னால தாங்க முடியாது."

மறுநாள் கிருமி வளர்க்கும் தட்டில் வெள்ளை வெள்ளையாகக் கொழகொழப் பொட்டுகள். ஆய்வக டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"மண்ணுல கிடக்குற கிருமிம்மா. லாயத்துத் தூசி விழுந்திருக்கு. தூக்கிப் போட்டுட்டு வேற சளி கேளு."

தூசி என்றால் அன்றைக்கே தட்டை அழித்துவிடுவது அங்கே வழக்கம். ஆனால் சோதனைக் குழாய்களைக் கழுவி முடிப்பதற்குள் அவளுக்குச் சாயங்காலமாகிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டைத் திரும்ப இன்குபேட்டரில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். சோம்பல்தான், வேறென்ன!

காலையில் திறந்தால், அட, பொட்டுகளெல்லாம் ரோஜா நிறம்! ஒன்றோடொன்று வழிந்து கலந்திருந்தன. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"தூசி இல்லம்மா, இதுதான் நோயே! மண்ணுலயிருந்து குட்டி நெஞ்சுக்குள்ள போயிடும். கிருமியத் தின்ன வர்ற வெள்ளையணுவுக்குள்ளயே குடித்தனம் பண்ணும், சாதா ஊசி எட்டவே எட்டாது. நிறம் காட்ட ரெண்டு நாளாகும், நான்தான் அவசரப்பட்டுட்டேன். நீ ஏன் தூக்கிப் போடல?"

"குழாய் கழுவிட்டிருந்தேன் சார்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதே லாயத்துக்குப் போன் போட்டு, சேர்த்துக் கொடுக்கவேண்டிய இரண்டு மருந்துகளைச் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் லாயத்துக்குப் போனாள். குட்டி வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடியது, பிடிக்க ஆளில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பேரு வச்சாச்சா அண்ணி?"

நாத்தனார் வேலியோரம் போய்க் கையைத் தட்டினாள். "ஏய் ஆமை, இங்க வாடி!"

தன்னைத்தான் என்று இவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் குட்டி நாலுகால் பாய்ச்சலில் வந்து நின்றது.