எலிசாவுக்காகக் கட்டாத கலங்கரை விளக்கம்

மாமல்லபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாக நான் கைடு. கைடு கார்டைப் புதுப்பிக்க செங்கல்பட்டில் போன செவ்வாய்க்கிழமை நேர்காணல். கார்டு இல்லாமல் மலைப் பக்கம் போனால் விரட்டிவிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதில் வேறு பிழைப்பும் எனக்குத் தெரியாது.

எனக்கு முன்னால் போன ஆல்வின் நாலே நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். கைடு வேலைக்கு நேற்று வந்த பயல்.

"ஒண்ணும் இல்ல அண்ணாத்த. லைட்ஹவுஸ் பத்திதான் கேக்குறாங்க. அவுங்க புக்குல இன்னா கீதோ அத்த அப்படியே சொல்லிடு."

எனக்கே புக்கா என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"சதாசிவம், பழைய கல் கலங்கரை விளக்கத்தை எதுக்காகக் கட்டினாங்க?" என்று கேட்டார் அதிகாரி அமிர்தவல்லி.

"கப்பலுங்களுக்கு வழி காட்ட மேடம். முதல்ல பக்கத்துல இருக்குற கோயில் மேலயே விளக்கு வச்சாங்க. அப்புறம் வெள்ளக்காரங்க காலத்துல தனியா கட்டினாங்க."

"தப்பு." மேஜை மேல் இருந்த சுற்றுலாத் துறைப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். கடலில் மூழ்கிய மனைவி எலிசாவின் நினைவாக ஒரு துரை கட்டியது என்று அச்சாகியிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எலிசாவைப் பெற்றவனே நான்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், மே மாத வெயிலில், அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த கூட்டம் நான் பேசப் பேச ஐஸ் வண்டிப் பக்கம் நழுவியது. நிறுத்திவைக்க ஒரு கதை விட்டேன். பெயர்கூட எதிர்க்கடையில் தொங்கிய நைட்டி கவரில் பார்த்ததுதான். உண்மையைச் சொன்னபோது கொட்டாவி விட்ட ஜனம் எலிசாவுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்புறம் எல்லா கைடும் அதையே பிடித்துக்கொண்டான்; இப்போது புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

"மேடம், இது பொய்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் கட்டிவிட்டேன்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "டூரிஸ்டுங்ககிட்ட பொய் சொன்னேன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. உங்களுக்கு எப்படிக் கார்டு தர்றது?"

என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். "சரிங்க மேடம், எலிசாவுக்காகத்தான் கட்டினாங்க."

"இப்ப என்கிட்டயே பொய் சொல்றீங்க," என்றார். என் விண்ணப்பத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அதே கேள்வி காதில் விழுந்தது. "எலிசா" என்று ஒரு குரல் ஆரம்பித்ததுமே மேடம், "கரெக்ட், போதும்" என்றார்.